சுவாச நொதிகளில் புரோட்டான் கடத்தல்: கணினிவழி ஆய்வு

மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்விலும் பல பாக்டீரியாக்களின் உயிரணுச் சவ்விலும் பதிந்துள்ள சுவாச நொதிகள், எலக்ட்ரான்கள் ஆக்சிஜனை நோக்கிச் செல்லும்போது வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு புரோட்டான்களைச் சவ்வின் மறுபுறம் தள்ளுகின்றன. அந்தப் புரோட்டான்கள் எவ்வழியே செல்கின்றன, வந்த வழியே ஏன் திரும்புவதில்லை என்பவற்றை இயற்பியல் விதிகளின்படி கணக்கிட்டு அறிவது இத்துறை. இதில் மிகுதியாக ஆராயப்பட்டது, சுவாசச் சங்கிலியின் இறுதி நொதியான சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ்.

பின்னணி

நீரில் மின்சாரம் பாய்வதை விளக்க, துகள்கள் மூலக்கூறு விட்டு மூலக்கூறு கைமாறுகின்றன என்ற கருத்தை 1806இல் தியோடர் குரோத்தஸ் முன்வைத்தார். இன்றைய விளக்கத்தின்படி, நீர்ச்சரத்தின் ஒரு முனையில் ஒரு புரோட்டான் சேர, மறுமுனையில் வேறொன்று வெளியேறுகிறது. சவ்வின் இருபுறமும் நிலவும் புரோட்டான் வேறுபாடே, உயிரணு ஆற்றலுக்குப் பயன்படுத்தும் ஏ.டி.பி. மூலக்கூறு உருவாக ஆற்றல் தருகிறது என்று 1961இல் பீட்டர் மிட்செல் கூறினார். அதற்காக அவர் 1978இல் நோபல் பரிசு பெற்றார். 1977இல் ஹெல்சின்கியில் மார்ட்டென் விக்ஸ்ட்ரோம், சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸே புரோட்டான்களை ஏற்றுகிறது என்று காட்டினார். மிட்செல் இதைப் பல ஆண்டுகள் மறுத்து, பின்னர் ஏற்றுக்கொண்டார். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு நீராக மாற 4 எலக்ட்ரான்களும் 4 புரோட்டான்களும் தேவை. அதனுடன் மேலும் 4 புரோட்டான்கள் சவ்வைக் கடக்கின்றன.

கட்டமைப்பும் விடுபட்ட நீரும்

1995இல் ஹார்ட்மூட் மிஷெலின் குழு பாராகாக்கஸ் பாக்டீரியாவின் நொதிக்கும், ஷின்யா யோஷிகாவாவும் தொமிதாகே சுகிஹாராவும் இடம்பெற்ற ஜப்பானியக் குழு மாட்டிதய நொதிக்கும் 2.8 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் படிகக் கட்டமைப்பைக் கண்டன. புரோட்டான்கள் நுழையும் 'டி', 'கே' என்ற இரு தடங்கள் புலப்பட்டன. 'டி' தடம் ஒரு குளூட்டாமிக் அமிலத்தில் முடிகிறது. அங்கிருந்து, ஆக்சிஜன் நீராக மாறும் வினை மையத்துக்கும், சவ்வைக் கடக்கும் புரோட்டான் இடையில் தங்கும் ஏற்று தளத்துக்கும் பாதை பிரிகிறது. ஆனால் அந்தப் பிரிவிடத்தில் நீர் மூலக்கூறுகள் தெரியவில்லை. இந்த நுணுக்கத்தில் புரோட்டான்களும் தெரியா. கணினி ஆய்வு இன்றியமையாததாக ஆனது இங்கேதான். 1998இல் பொமேஸ், ஹம்மர், விக்ஸ்ட்ரோம் ஆகியோரும், தனியே ஹோஃபாக்கரும் ஷுல்டனும், பிரிவிடத்தில் உள்ள குழியில் நீர் எவ்வாறு அமையலாம் என்று கணித்தனர்.

முறைகள்

வழக்கமான மூலக்கூறு இயக்கக் கணிப்பில் வேதிப்பிணைப்புகள் மாறுவதில்லை. புரோட்டான் தாவலோ பிணைப்பு முறிந்து உருவாகும் நிகழ்வு. ஆகவே வினை நிகழும் பகுதிக்குக் குவாண்டம் விதிகளையும் எஞ்சிய புரதத்துக்குச் செவ்வியல் விதிகளையும் பயன்படுத்தும் கலப்பு முறை தேவைப்பட்டது. ஏரியே வார்ஷலும் மைக்கேல் லெவிட்டும் 1976இல் வகுத்த அம்முறை, 2013இல் மார்ட்டின் கார்ப்ளஸுடன் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமான பணிகளுள் ஒன்று. கிரெகரி வோத்தின் குழு, ஒரு புரோட்டான் பல நீர் மூலக்கூறுகளுக்கு உரியதாக இருக்கும் நிலையைக் கணக்கிடும் முறையை 1998 முதல் வளர்த்தது.

திரும்பாமைக்கான விளக்கங்கள்

2003இல் விக்ஸ்ட்ரோம், வெர்கோவ்ஸ்கி, ஹம்மர் ஆகியோர் 'நீர் வாயில்' விளக்கத்தை முன்வைத்தனர். எலக்ட்ரான் நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்புலம் நீர்ச்சரத்தின் திசையை மாற்றி, புரோட்டானை ஏற்று தளத்துக்கோ வினை மையத்துக்கோ செலுத்துகிறது என்பது அதன் சாரம். வார்ஷலின் குழு 2008இல் வெளியிட்ட கணக்கு, நீரின் திசையைவிட மின்னூட்டங்கள் எழுப்பும் ஆற்றல் தடைக்கே முதன்மை அளித்தது. வோத் குழுவும் விக்ஸ்ட்ரோமும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, ஏற்று நிகழ்வின் படிகளுக்கு ஆற்றலையும் வேகத்தையும் கணக்கிட்டது.

இக்கணக்குகளுக்கு உரைகல்லாக இருப்பவை திடீர்மாற்ற நொதிகள். ரோடோபாக்டர் பாக்டீரியாவின் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸில் 139ஆம் இடத்தில் அஸ்பராஜினுக்குப் பதில் அஸ்பார்டிக் அமிலம் வந்தால், ஆக்சிஜன் வினை தொடர்கிறது. புரோட்டான் ஏற்றம் நின்றுவிடுகிறது. இதை விளக்காத கோட்பாடு முழுமையாகாது.

முதலாம் தொகுதி

2013இல் லியோனிட் சசனோவின் குழு, தெர்மஸ் தெர்மோஃபிலஸ் பாக்டீரியாவில், சுவாசச் சங்கிலியின் முதல் நொதியான முதலாம் தொகுதியினுடைய முழுக் கட்டமைப்பை வெளியிட்டது. இந்நொதி 2 எலக்ட்ரான்களுக்கு 4 புரோட்டான்களை ஏற்றுகிறது; ஏற்றும் தடங்கள் எலக்ட்ரான் பாதையிலிருந்து வெகுதொலைவில் உள்ளன. வில்லே கைலா உள்ளிட்டோரின் கணிப்புகள், நீர் புகுவதும் மின்னூட்ட அமினோ அமிலங்கள் இடம் மாறுவதும் அத்தொலைவை இணைக்கக்கூடும் என்று காட்டின.

நம்பகத்தன்மை

அறை வெப்பநிலையில் ஆற்றல் தடையில் மோலுக்கு சுமார் 1.4 கிலோகலோரி பிழை நேர்ந்தாலே, கணக்கிட்ட வேகம் பத்து மடங்கு மாறிவிடும். சரியான பாதையையும் தவறான பாதையையும் பிரிப்பது சில கிலோகலோரிகளே. அதனால்தான் ஒரே கட்டமைப்பிலிருந்து தொடங்கிய குழுக்கள் வெவ்வேறு முடிவுகளுக்கு வந்தன. பாதைகளின் அமைப்பிலும் நீரின் பங்கிலும் இன்று பரந்த உடன்பாடு உண்டு; படிகள் நிகழும் வரிசையும் வாயிலின் இயல்பும் இன்னும் விவாதத்தில் உள்ளன.