புத்தளக் கரையில் இரு வல்லரசுகள்

சீனாவுக்கும் ஐக்கிய அமெரிக்காவுக்கும் இடையிலான உறவினை ஆராயப் புகுவோர் பீக்கிங், வாஷிங்டன் ஆகிய தலைநகரங்களையே பெரிதும் நோக்குவர். அவ்விரு நாடுகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தடம் பதித்துச் சென்ற சிறு நாடுகளின் கரைகளை நோக்குவோர் மிகச் சிலரே. இலங்கையின் புத்தளம் மாவட்டக் கரையோரம் அத்தகைய ஒன்றாகும். சிலாபத்தை அடுத்த இரணவிலவில் அமெரிக்க வானொலி நிலையமும், கற்பிட்டித் தீபகற்பத்து நுரைச்சோலையில் சீனக் கடனில் எழுந்த அனல் மின்னிலையமும் ஒரே மாவட்டத்தின் மணலிலே நிறுவப்பட்டன.

வெளியார் வருகை இக்கரைக்குப் புதிதன்று. 1344ஆம் ஆண்டளவில் இபுனு பதூதா வந்திறங்கிய பத்தாலா என்னும் பட்டினம் புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு சென்ற அப்பயணி பின்னர் சீனம் வரை சென்றமை அவர்தம் நூலாற் பெறப்படும். எனினும் நாம் கூறவந்த கதை இருபதாம் நூற்றாண்டினது.

1952 டிசம்பரில் இலங்கை மக்கட் சீனத்துடன் இறப்பர்–அரிசி ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது. ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பருக்கு மாற்றாக 270,000 தொன் அரிசி என்பது அதன் சாரம். கொரிய யுத்தம் நடைபெற்றுக்கொண்டிருந்த காலம் அது. சீனாவுக்கு இறப்பர் விற்பதை அமெரிக்கா கடுமையாக எதிர்த்தது. அதன் சட்டப்படி இலங்கைக்குப் பொருளுதவி பல ஆண்டுகள் மறுக்கப்பட்டது. இவ்வொப்பந்தத்தைச் செய்தது இடதுசாரி அரசன்று, டட்லி சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சி அரசே என்பது ஈண்டு நினைவிற்கொள்ளத்தக்கது. கொள்கையை விட அரிசிப் பானையே அன்று முடிவு செய்தது எனலாம். விந்தை யாதெனில், அதற்கு முந்திய ஆண்டிலேதான் இதே கட்சியின் அரசு இலங்கை வானொலியில் 'அமெரிக்காவின் குரல்' ஒலிபரப்புக்கு இடமளித்திருந்தது. ஒரு கையால் இறப்பர் கிழக்கே சென்றது. மறு கையால் வானலை மேற்கிலிருந்து வாங்கப்பட்டது.

அவ்வானலையே இரணவிலக் கதையின் தொடக்கம். 1983இல் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசு, பெரியதோர் அஞ்சல் நிலையம் அமைக்க அமெரிக்காவுடன் உடன்பட்டது. அது வெறும் வானொலிதானா, உளவு வேலைக்கும் உதவுமா என இந்தியா ஐயுற்றது. அவ்வையம் எத்துணை ஆழமானது என்பதற்கு 1987 ஜூலை 29இன் இந்திய–இலங்கை உடன்படிக்கையோடு கைமாறிய கடிதங்களே சான்று. வெளிநாட்டு ஒலிபரப்பு நிறுவனங்களுடனான உடன்பாடுகள் மீளாய்வு செய்யப்படும், அந்நிலையங்கள் இராணுவ, உளவு நோக்கங்களுக்குப் பயன்படா என்று இலங்கை அங்கே உறுதியளித்தது. திருகோணமலைத் துறைமுகம் பற்றிப் பேசுவோர் பலர் இவ்வாக்கியத்தைக் கண்டும் காணாது கடந்துவிடுகின்றனர்.

தில்லியின் ஐயம் கடிதத்தில் இடம்பெற்றது. இரணவில மீனவரின் ஐயத்துக்கு அவ்வாறு இடம் கிட்டவில்லை. கத்தோலிக்கரான அம்மக்கள் தம் நிலத்துக்கும் உடல் நலத்துக்கும் கேடு நேரும் என அஞ்சி 1990களில் எதிர்ப்புக் காட்டினர். நிலையம் எழுந்தது. சிற்றலை வானொலியைக் கேட்பார் குறைந்து, இணையம் பரவிய பின்னர் 2016இல் அது மூடப்பட்டு இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. 2020இல் கொவிட் நோயாளருக்கான சிகிச்சை நிலையமாகவும் அக்கட்டடங்கள் பயன்பட்டன. சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1963இலேயே தொடங்கிவிட்டது என்பதையும் இங்குச் சொல்லி வைக்கலாம். அதற்கு எம் கரையில் ஒரு காணியும் தேவைப்படவில்லை.

நுரைச்சோலைக்கு வருவோம். நிலக்கரி மின்னிலையம் அங்கு அமைவதை உள்ளூர் மக்களும் கத்தோலிக்கத் திருச்சபையும் நெடுங்காலம் எதிர்த்தனர். தலவிலைப் புனித அன்னம்மாள் திருத்தலம் அண்மையில் இருந்தமை எதிர்ப்புக்கு வலுவூட்டியது. முதலில் யப்பானிய நிதியே எதிர்பார்க்கப்பட்டது. இழுபறியில் ஆண்டுகள் கழிந்தன. ஈற்றில் சீன எக்ஸிம் வங்கி கடன் வழங்க, சீன நிறுவனம் ஒன்று 2006இல் கட்டுமானத்தைத் தொடங்கியது. முதற்பிரிவு 2011 மார்ச்சில் இயங்கியது. மூன்று பிரிவுகளும் சேர்ந்து 900 மெகாவாற்று. 2014 செப்டெம்பரில் சீன ஜனாதிபதி சீ சின்பிங் இலங்கை வந்தபோது, மகிந்த ராஜபக்சவுடன் சேர்ந்து நிறைவுற்ற நிலையத்தைத் திறந்துவைத்தார்.

நாட்டின் மின்னுற்பத்தியில் சில ஆண்டுகளில் மூன்றிலொரு பங்கினை இந்நிலையமே அளித்துள்ளது. அதன் பயனை மறுப்பது நேர்மையன்று. ஆயினும் கடல் தன் கணக்கை விடுவதில்லை. கரையில் ஆழ்துறைமுகம் இல்லாமையால் நிலக்கரிக் கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட, பாதைப்படகுகள் கரியைக் கரைக்குக் கொணர்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இது இயலாது. ஆகவே ஆண்டு முழுவதுக்குமான கரியை ஏனைய மாதங்களிலேயே இறக்கிக் குவித்தல் வேண்டும். அக்குவியலின் தூசும் சாம்பலும் காற்றில் எழுந்து தம் பயிரில் படிவதாக, மணல் நிலத்தில் மரக்கறி பயிரிடுவோர் முறையிட்டு வந்துள்ளனர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பெரும்பாலோர் தஞ்சமடைந்தது இம்மாவட்டத்திலேயே. பிறந்த மண்ணை ஆயுதத்துக்கு இழந்து வந்தோரும் இம்மணலை நம்பியே வாழ்வைத் தொடங்கினர்.

2020 ஒக்டோபரில் சீனத் தூதுக்குழுவும், சில வாரங்களுள் அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் பொம்பியோவும் கொழும்புக்கு வந்து சென்றனர். சீனாவை 'வேட்டையாடி' எனப் பொம்பியோ சாடினார். சீனத் தூதரகமும் வாளாவிருக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரிலேயே 48 கோடி டொலர் பெறுமதியான அமெரிக்க எம்.சி.சி. உதவித் திட்டம் கைவிடப்பட்டது. பத்திரிகைகள் இவற்றை எழுதின. நுரைச்சோலையோ இரணவிலவோ அவ்வாதங்களில் பெரிதாக அடிபடவில்லை.

கற்பிட்டிக் கரையில் வாணிகம் மட்டும் பேச்சின்றி நடைபெறுகின்றது. புத்தளம் களப்பிற் பிடிபடும் நீல நண்டு பதனிடப்பட்டு அமெரிக்கச் சந்தைக்குச் செல்கிறது. சுழியோடிகள் எடுக்கும் கடலட்டை உலர்த்தப்பட்டுச் சீனரின் விருந்து மேசைகளை அடைகிறது. இரண்டுக்கும் விலை குறிப்பவர் தொலைவிலுள்ளனர். இரண்டையும் கடலிலிருந்து எடுப்பவர் ஒரே கரையினர்.