இறங்கி நடந்த தூரம்

வைசேஷிக தரிசனத்தார் பொருள்களின் குணங்களை ஆராய்ந்து வகுத்தபொழுது, நிறம், சுவை முதலியவற்றோடு பரிமாணத்தையும் ஒரு குணமாகவே வைத்தனர்; ஒரு பொருளை அணுவென்றும் மகத்தென்றும், நெடியதென்றும் குறியதென்றும் நாம் வழங்குவதற்கு எது ஏதுவோ அதுவே பரிமாணம் என்பது அவர்கள் கொள்கை. நம் தமிழ்க் கணக்காசிரியரோ அத்தகைய தத்துவ விசாரத்தில் இறங்காமல், எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று அளக்கும் தொழிலையே நான்காக வகுத்து, கடைக்காரனுக்கும் குடியானவனுக்கும் வேண்டியதைச் செய்து கொடுத்தனர். 1822ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து ஃபூரியே, வெப்பத்தைப் பற்றித் தாம் எழுதிய பெருநூலில், ஒரு சமன்பாட்டின் உறுப்புகள் யாவும் ஒரே பரிமாணம் உடையனவாக இருந்தாலன்றி அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுதல் பொருந்தாது என்று எடுத்துக்காட்டினார். முழத்தோடு படியைக் கூட்டலாகாது என்பதை நம் அங்காடித் தெருவும் அறிந்தே இருந்தது. ஆயினும், ஒரு மனிதனை அளக்க முற்படும்போது, எந்தப் பரிமாணத்தில் அளக்கிறோம், எதை அளக்காமலே விடுகிறோம் என்ற கேள்வியைப் பௌதிகமும் கேட்கவில்லை, அங்காடியும் கேட்கவில்லை. அதைக் கேட்டவர்கள், இன்றைய மலேசியாவில், கிள்ளான் வட்டாரத்து ரப்பர்ப் பால்மரத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கு அளவுகளால் உருவான நிலம். 1886ஆம் ஆண்டு செப்டம்பரில், கோலாலம்பூரையும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவையும் இணைத்து ஓடத் தொடங்கிய இரயிலின் தண்டவாளங்களுக்கு இடையே இருந்த அகலம் சரியாக ஒரு மீட்டர். கோலாலம்பூரை மரத்தாலும் ஓலையாலும் அன்றிச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டவேண்டுமென்று விதி பிறந்தபின், கல் அறுத்துச் சுட்ட களத்தின் பெயரே பிரிக்பீல்ட்ஸ் என்று நின்றுவிட்டது. கடைத்தெருவில் 16 தாயில் ஒரு காட்டி, 100 காட்டி ஒரு பிக்குல். அரிசியோ காந்தாங் என்னும் முகத்தலளவையால் முகந்து தரப்பட்டது. தோட்டத்து ஆபீசில் மட்டும் ஏக்கரும் இறாத்தலும் ஆட்சி செய்தன.

அவ்வாட்சி எவ்வளவு நுணுக்கமானது என்பதை அங்கு வாழ்ந்தவரே அறிவர். இருள் பிரியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு வந்து நின்ற ஒவ்வொருவருக்கும் ஒரு மர நிரை உண்டு. ஏறக்குறைய 300, 400 மரங்களில் வெயில் ஏறுமுன் பால் வெட்டி முடித்து, மீண்டும் அந்நிரை முழுவதும் நடந்து, மங்குகள் என்னும் கிண்ணங்களில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டா என்னும் சுமைத்தண்டில் தோளேற்றிக் கொட்டகைக்குக் கொணரவேண்டும். அங்கே கிராணி என்னும் கணக்கர் பாலை அளந்து, மெட்ரோலாக் என்னும் கண்ணாடி மிதவையை அதில் விடுவார். ரப்பர் தண்ணீரைவிட இலேசான பொருளாதலின், பால் கெட்டியாக இருக்குமளவு அம்மிதவை ஆழ்ந்து இறங்கும். தண்ணீர் கலந்திருந்தால் மேலே எழுந்து நின்று காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே, கன அளவு என்னும் பரிமாணமும் அடர்த்தி என்னும் பரிமாணமும் பெருக்கப்பட்டு, உலர்ந்த ரப்பர் இத்தனை இறாத்தல் என்று ஒருவனுடைய காலைப்பொழுது முழுவதும் ஓர் எண்ணாகச் செக்ரோல் என்னும் பதிவேட்டில் இறங்கிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இதற்கும் ஒரு படி மேலே சென்றார்கள்: முழுநாள் உழைப்புக்கு ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். தாய் தந்தையர் இட்ட பெயரே அங்கே அளவுகோலாகி, பாதியாக வெட்டவும் பட்டது! இந்த ஒரு வழக்கை நினைக்குந்தோறும் என் மனம் கலங்குகிறது.

கூலியும் அப்படியே கணிக்கப்பட்டது. ஒரு தமிழன் உயிர்வாழ மாதத்துக்கு எத்தனை அரிசி, எத்தனை பருப்பு, எத்தனை துணி வேண்டும் என்று கணக்கிட்டு அரசாங்கம் நிர்ணயித்த கூலி, 1920களின் இறுதியில் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தத்தில், 1932இல், அது 28 காசாகவும் 24 காசாகவும் வீழ்ந்தது. முகத்தலும் எடுத்தலும் எண்ணலும் இக்கணக்கில் குறைவின்றி இருந்தன. குன்றின்மேல் இருந்த துரையின் பங்களாவுக்கும் கீழே லயத்து வீட்டுக்கும் இடையிலிருந்த தூரம் மட்டும் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அது சங்கிலி பிடித்து அளக்கும் தூரமன்று.

பிற்காலத்தில் ஒல்லாந்து தேசத்து அறிஞர் கேர்ட் ஹோஃப்ஸ்டெட், ஐபிஎம் நிறுவனத்தின் பல நாட்டு ஊழியர்களிடம் 1967 முதல் திரட்டப்பட்ட விடைகளை ஆராய்ந்து, பண்பாட்டுக்கும் பரிமாணங்கள் உண்டென்று கூறி, அவற்றுள் ஒன்றுக்கு அதிகாரத் தூரம் என்று பெயரிட்டார். மேலதிகாரியின் கருத்துக்கு மாறாகப் பேச ஊழியர் எத்தனை முறை அஞ்சுகின்றனர் என்பது அதை அளக்கக் கேட்ட கேள்விகளுள் ஒன்று. ஆஸ்திரியா 11 பெற்ற அவ்வட்டவணையில், பின்னர்ச் சேர்க்கப்பட்ட மலேசியா 104 பெற்று முதலிடத்தில் நின்றது. ஏறக்குறைய நூறுக்குள் அடங்குமென்று வகுத்த அளவுகோலையே அது தாண்டிவிட்டது. வணிகக் கல்லூரிகளில் இவ்வெண்ணை ஒரு தேசத்தின் சுபாவமாகவே கற்பிக்கின்றனர். எனக்கு அது உடன்பாடன்று. கணிப்பொறி நிறுவனத்தின் மேசையருகே உட்கார்ந்து விடை எழுதியவர் வேறு, பால் வாளி சுமந்தவர் வேறு. அன்றியும், சரித்திரம் அமைத்த தூரத்தைச் சுபாவம் என்று கொள்ளுவது, முழத்தோடு படியைக் கூட்டும் பிழையே ஆகும்.

ஏனெனில், அத்தூரத்தைச் சுபாவமாக ஏற்காதவர்கள் கிள்ளானில் இருந்தனர். 1941ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் அவ்வட்டாரத்துத் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் மூண்டன. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் சார்பில் முன்னின்றோருள் ஒருவர், 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணிபுரிந்த ஆர். எச். நாதன். அவர்கள் விடுத்த கோரிக்கைகளில், தம்மினும் கணிசமாக அதிகம் பெற்ற சீனத் தொழிலாளரோடு ஒத்த கூலி வேண்டும் என்பது இருந்தது. கொடுமை செய்யும் கிராணிகளை நீக்குதல், பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, வைத்திய வசதி, பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல், கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவையும் இருந்தன. அவற்றினிடையே ஒன்று: துரையோ தோட்டத்து உத்தியோகஸ்தரோ எதிர்ப்பட்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும்.

இதை அற்பமென்று கருதியவர்கள் அன்றும் இருந்திருப்பர். ஆயின், காசைக் கேட்ட அதே வரிசையில் சைக்கிளைக் கேட்ட அத்தொழிலாளர், கூலி ஒரு பரிமாணம், மானம் வேறொரு பரிமாணம், ஒன்றில் ஐந்து காசு கூட்டினால் மற்றதில் உள்ள குறை தீராது என்பதைத் தெளிவாக உணர்ந்திருந்தனர். இறங்கி, தலைகுனிந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கவேண்டிய அந்தச் சில கஜ தூரமே அவர்கள் கண்ட அளவுகோல்.

அரசாங்கம் மே மாதத் தொடக்கத்தில் நாதனைக் கைது செய்தது. அதைக் கேட்டுத் தோட்டம் தோட்டமாக வேலைநிறுத்தம் பரவவே, சிலாங்கூரில் அவசரநிலை பிரகடனமாயிற்று, படை வந்தது, தொழிலாளர் சிலர் சுட்டுக்கொல்லப்பட்டனர், நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். ஏழே மாதங்களில், டிசம்பர் 8ஆம் நாள், ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. துரைமார் பங்களாக்களைப் பூட்டிக்கொண்டு தெற்கே சிங்கப்பூரை நோக்கிப் புறப்பட்டனர். 1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தபொழுது, அச்சாலைகளில் வந்த அந்நியச் சிப்பாய்களுள் மிகப் பலர் வந்தது சைக்கிளில்.