சப்வூஃபர்

சப்வூஃபர் அல்லது தாழ்சுர ஒலிபெருக்கி என்பது மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளை மட்டும் எழுப்புவதற்கென வடிவமைக்கப்பட்ட ஒலிபெருக்கி ஆகும். மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையான ஒலிகளைக் கேட்க வல்லது. வீட்டுச் சப்வூஃபர்கள் பொதுவாக 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில் இயங்குகின்றன. பியானோவின் முதற் கட்டை 27.5 ஹெர்ட்ஸிலும், நான்கு தந்தி பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸிலும் ஒலிக்கின்றன. சிறிய அலமாரி ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் இவ்வொலிகளைப் போதிய உரப்புடன் எழுப்புவதில்லை.

வரலாறு

1954-இல் அமெரிக்கரான எட்கர் வில்ச்சர், பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்தும் ஏஆர்-1 ஒலிபெருக்கியை உருவாக்கினார். இதனால் சிறிய பெட்டியிலிருந்தும் ஆழ்ந்த தாழொலி பெற முடிந்தது. நெவில் தீல் 1961-லும், ரிச்சர்ட் சுமால் 1970களிலும் வெளியிட்ட ஆய்வுகள் பெட்டி வடிவமைப்பைக் கணக்கிடக்கூடியதாக்கின. 1974-இல் வெளிவந்த எர்த்குவேக் திரைப்படத்திற்காகத் திரையரங்குகளில் பெரிய சப்வூஃபர்கள் நிறுவப்பட்டன.

இயங்குமுறை

தாழொலி எழுப்ப மிகுதியான காற்றை நகர்த்த வேண்டும். அதிர்வெண் பாதியாகக் குறையும்போது, அதே உரப்பைப் பெறக் கூம்பு நான்கு மடங்கு தொலைவு அசைய வேண்டும். எனவே கூம்பின் பரப்பு முதன்மை பெறுகிறது. 12 அங்குலக் கூம்பின் பரப்பு 8 அங்குலக் கூம்பினதைப் போல் 2.25 மடங்காகும்.

பெட்டி வகைகள்

* மூடிய பெட்டி: இதன் எல்லைக்குக் கீழே ஒலி எண்மத்துக்கு 12 டெசிபெல் வீதம் படிப்படியாகக் குறையும். பெட்டி சிறியதாக இருக்கலாம்.
* துளையுள்ள பெட்டி: துளையின் ஒத்ததிர்வால் குறைந்த மின்திறனில் மிகுந்த உரப்புக் கிடைக்கும். ஆனால் எல்லைக்குக் கீழே வீழ்ச்சி எண்மத்துக்கு 24 டெசிபெல் ஆகும், பெட்டியும் பெரிதாகும்.

சிறிய பெட்டி, ஆழ்ந்த ஒலி, உயர்ந்த செயல்திறன் ஆகிய மூன்றையும் ஒருங்கே பெற இயலாது. எவையேனும் இரண்டைப் பெற மூன்றாவதை விட்டுக்கொடுக்க வேண்டும்.

தெரிவு செய்தல்

விளம்பரங்களில் காணப்படும் பி.எம்.பி.ஓ. வாட் அளவுக்குப் பொதுவான அளவீட்டு நெறி எதுவும் இல்லை. தொடர்ந்து வழங்கத்தக்க ஆர்.எம்.எஸ். வாட் அளவையே ஒப்பிட வேண்டும். மின்திறன் இரு மடங்கானால் உரப்பு 3 டெசிபெல் மட்டுமே உயரும். ஆகவே 100 வாட்டுக்கும் 120 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு காதுக்குப் புலப்படுவது அரிது. அதிர்வெண் எல்லையைப் பார்க்கும்போது, அது எத்தனை டெசிபெல் வீழ்ச்சியில் அளக்கப்பட்டது என்பதையும் நோக்க வேண்டும்.

ஒலியை முதன்மை ஒலிபெருக்கிகளுக்கும் சப்வூஃபருக்கும் பகிரும் பிரிப்பு அதிர்வெண் பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸாக அமைக்கப்படுகிறது. அதற்குக் கீழுள்ள ஒலி எத்திசையிலிருந்து வருகிறது எனக் காதால் உணர்வது கடினம்.

அமைவிடம்

40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 8.6 மீட்டர். அதனால் 4.3 மீட்டர் நீள அறையில் அவ்வதிர்வெண் நிலையலையாகிச் சுவரோரம் உரத்தும் நடுவில் மங்கியும் கேட்கும். விலையுயர்ந்த கருவியும் தவறான இடத்தில் வைக்கப்பட்டால் குறையுடனேயே ஒலிக்கும். மூலையில் வைத்தால் உரப்புக் கூடும்; எனினும் ஒலி இரைச்சலாக மாறக்கூடும்.

ஏற்ற இடத்தைக் காண எளிய முறை ஒன்றுண்டு. சப்வூஃபரைக் கேட்போர் அமரும் இடத்தில் வைத்து இசையை ஒலிக்கச் செய்து, அறையைச் சுற்றி நடந்து கேட்க வேண்டும். தாழொலி சீராகக் கேட்கும் இடமே சப்வூஃபருக்கு உரிய இடமாகும்.

தாழொலி சுவர்களையும் தளங்களையும் எளிதில் ஊடுருவும் என்பதால், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் உரப்பைக் குறைத்துப் பயன்படுத்துவது நன்று.