கடற்கரை மண்ணும் நம் மக்களும்: புதுவை கண்ட ஆய்வுகள்

கருவடிக்குப்பம் என்றவுடன் வெளியூரார் நினைவில் எழுவன இரண்டே. ஒன்று சித்தானந்த சுவாமிகளின் அடக்கத் தலம். மற்றொன்று, பாரதியார் குயில் பாட்டுப் பாடியதாகப் பெரியோர் கூறும் தோப்பு. ஆயின் நம் ஊர் நிற்கும் இக்கரைக்கு அவ்விரண்டினும் மிகப் பழைய செய்திகள் உள. அவற்றை உலகம் அறிந்தது எவ்வாறு, அவ்வறிவில் நம் மக்களுக்குரிய பங்கு யாது என்பதை நம் இளைஞர் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்னும் கருத்தால் இதனை வரையலானோம்.

பிரெஞ்சு வானியல் அறிஞர் லெ ழந்தீல், வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைக் காணும் பொருட்டுப் புதுவைக்கு வந்து காத்திருந்தார். 1769 ஜூன் 4 ஆம் நாள் விடியலில் மேகம் மறைத்துக்கொண்டது. பல்லாண்டு உழைப்பு வீணாயிற்று. ஆயினும் அவர் வாளா இருந்தாரல்லர். சோழிகளை வைத்துக் கிரகணம் கணிக்கும் தமிழரின் முறையை இங்கே கற்றார். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் புதைந்து கிடந்த செங்கற் சுவர்களையும் கண்டு எழுதி வைத்தார். அவ்விடமே அரிக்கமேடு.

அச்செய்தி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் உறங்கிற்று. 1937 இல், புதுவைக் கல்லூரிப் பேராசிரியர் ழூவோ துப்ராய், ஊர்ச் சிறுவர் பொறுக்கி வந்த மணிகளையும் கற்களையும் கண்டு அவ்விடத்தின் சிறப்பை உணர்ந்தார். பேராசிரியர் பெயர் நூல்களில் நிலைத்தது. சிறுவர் பெயர் நிலைக்கவில்லை. பின்னர் 1945 இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை கசாலும் அங்கே அகழ்ந்தனர். இத்தாலியின் செந்நிறக் கலங்களும், மதுச் சாடிகளின் உடைசல்களும் வெளிப்பட்டன. உரோமர் வருகையோடு தோன்றிய நகரம் எனக் கருதினார் வீலர். 1989 முதல் 1992 வரை மீண்டும் அகழ்ந்த விமலா பெக்லி அம்மையார், உரோமர் வருமுன்னரே இங்கு ஊர் இருந்தது என்று காட்டினார். பிறர் வந்து நமக்கு நாகரிகம் தந்தனர் என்னும் பேச்சுக்கு இதனினும் தக்க விடை வேண்டுவதில்லை.

அரிக்கமேட்டில் கிடைத்த பொருள்களுள் நம் சங்கத்தார் தலையாயதாகக் கொள்ள வேண்டியது பொன்னுமன்று, மணியுமன்று. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகளே. சோறும் நீரும் வைத்த பானையில் ஒருவர் தம் பெயரைக் கீறி வைத்தார் எனின், எழுத்து கோயிலிலும் அரண்மனையிலும் மட்டும் அடைபட்டிருக்கவில்லை என்பது தெளிவு. பழந்தமிழகத்தில் எழுத்தறிவு பொதுமக்களிடையே பரவியிருந்ததற்கு இத்தகைய ஓடுகளையே சான்றாகக் காட்டினார் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன். அவ்வாறு பரவியிருந்த எழுத்து, பிற்காலத்தில் ஒரு சாராருக்கு விலக்கப்பட்டது. இழந்ததை மீட்கவே நாம் இரவுப் பள்ளிகளையும் சங்கங்களையும் கண்டோம். கல்வி நமக்குப் புதிதாக எவரும் இட்ட பிச்சையன்று.

கசால் அரிக்கமேட்டோடு நின்றாரல்லர். முத்திரப்பாளையத்திலும் சுத்துக்கேணியிலும் பெருங்கற்கால ஈமக் குழிகளைத் திறந்தார். அவ்வாய்வு 1956 இல் நூலாக வெளிவந்தது.

இதற்குள் ஆட்சி மாறிற்று. 1954 நவம்பர் முதல் நாள் புதுவை இந்தியாவோடு இணைந்தது. அவ்விணைப்பையொட்டி 1955 மார்ச்சில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பெற்றது. முதல் இயக்குநர் ழான் ஃபிலியோசா. மருத்துவம் பயின்று, பின் இந்தியவியலில் தோய்ந்தவர். நம் தெருப் பிள்ளைகள் கடற்கரைக்குக் காற்று வாங்கச் சென்ற நாளெல்லாம் அக்கட்டடப் பக்கமாகவே நடந்திருப்பர்.

அங்கே இயற்கை பற்றிய ஆய்வு பெரிதும் வளர்ந்தது. ஒரு சென்டிமீட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் என்னும் அளவில் தாவரப் படங்கள் வரையப்பெற்றன. குமரிமுனைப் படம் 1961 இல் வெளிவந்தது. வடகிழக்குப் பருவ மழையை நம்பி வாழும் நம் கரைக்குரிய காடு, உலர் பசுமைமாறாக் காடு எனப்படும். வீரை, பாலை, காசா, கிளா, காரை முதலிய குட்டை மரங்களும் புதர்களும் செறிந்தது அது. மெஹர் ஹோம்ஜி என்னும் அறிஞர் இக்காட்டைப் பற்றி ஆராய்ந்து 1974 இல் எழுதினார். பெரும்பகுதி அழிந்தபின், கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சூழ்ந்தது போன்ற தோப்புகளிலேயே அக்காட்டின் சாயலைக் காணலாம். இம்மரங்களின் பெயரும் பயனும் விறகு பொறுக்கிய, மூலிகை பறித்த நம் பாட்டிமார்க்கு மனப்பாடம்.

1960 இல் அங்கு மகரந்த ஆய்வுக்கூடமும் அமைந்தது. பூந்தூள் கண்ணுக்குத் தெரியாதது; ஆயின் சேற்றில் படிந்தால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அழியாது. ஒவ்வொரு செடியின் தூளுக்கும் தனி வடிவம் உண்டாதலின், பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காட்டுச் சேற்றை அடுக்கடுக்காக எடுத்து நோக்கின், அங்கு முன்பு எவை வளர்ந்தன, கடல் எங்கு நின்றது என்பன புலனாகும். இத்துறையில் உலகப் புகழ் பெற்ற தமிழர் கணபதி தணிகைமணி. 1986 செப்டம்பர் 5 ஆம் நாள், கராச்சியில் கடத்தப்பட்ட வானூர்தியில் உயிர் நீத்தார்.

ஏடுகளைப் பற்றியும் கூற வேண்டும். புதுவையில் சேர்த்துவைத்த சைவ ஏடுகள் ஏறத்தாழ 11,000. 2005 இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பெருமைக்குரியதே. எனினும் அவற்றுட் பல, நாம் நுழைய இயலாதிருந்த கோயில்களின் விதிகளைக் கூறுவன. நாற்று நட்டவளின் பாட்டை ஓலையில் எழுதி வைத்தவர் யார்?

அக்குறையைச் சிறிதேனும் நீக்கிய நூல் ஒன்று உண்டு. புதுவையை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த வீரம்மா என்னும் மூதாட்டி, கூலி வேலையும் மருத்துவச்சித் தொழிலும் செய்தவர். எழுதப் படிக்க அறியாதவர். ழோசியான் ரசீன் அம்மையார் அவர்பாற் பாட்டுக் கேட்கச் சென்றார். பாட்டு வாழ்க்கை வரலாறாக விரிந்தது. ஆண்டுக்கணக்கில் ஒலிநாடாவில் பதிந்த அவ்வரலாறு 1995 இல் பாரிசில் பிரெஞ்சு நூலாகவும், 1997 இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. பிரெஞ்சுத் தலைப்பில் ‘பாரியா’ என்னும் சொல் உண்டு. பறையடித்த நம் முன்னோரின் பெயரை ஐரோப்பியர் ‘ஒதுக்கப்பட்டவன்’ என்னும் பொருளில் வழங்கிவந்தனர். அது நமக்கு உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் உள்ளே பேசுபவர் வீரம்மாவே. ஆண்டையின் வீட்டுக் கதையும், பிள்ளை இழந்த துயரும், தெருக்கூத்தும், நகைப்பும் அவர் வாய்மொழியாகவே வருகின்றன. கையெழுத்திட அறியாத அவ்வம்மையாரின் பெயரே, நூலின் முகப்பில் மற்ற இருவர் பெயருக்கும் முன்னே, ஆசிரியர் பெயராக அச்சாகியுள்ளது.