மின்கார்: அடுக்குமாடி மின்னேற்றச் சிக்கல் (இந்தியா)

மின்காரை வீட்டில் சார்ஜ் செய்வதில் இந்திய நகரங்களில் எழும் தடை. தனிவீட்டுக்காரருக்கு 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் ஒன்றே போதும். 2020இல் வந்த டாடா நெக்சான் ஈவியின் 30.2 கிலோவாட்-மணி பேட்டரிகூட ஓர் இரவில் ஏறக்குறைய நிரம்பிவிடும். அடுக்குமாடியில் கதை வேறு. மீட்டர் பெட்டி ஒரு மூலையில், கார் நிற்பது மறுமூலையில். நடுவே கேபிள் இழுக்கக் குடியிருப்போர் சங்கம் சம்மதிக்க வேண்டும். பொது மீட்டரிலிருந்து எடுத்தாலோ, பில்லை யார் கட்டுவது என்ற தகராறு. மூன்றாம் மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிடுவது விபரீதம்: மணிக்கணக்கில் மின்சாரம் ஓடினால் மெல்லிய ஒயர் சூடேறி உருகும். புதுக் கட்டடங்களின் வாகன நிறுத்தத்தில் 20 விழுக்காட்டுக்கு மின்னேற்ற வசதி வேண்டுமென 2019இல் ஒன்றிய அரசு மாதிரிக் கட்டட விதிகளைத் திருத்தியது. மாதிரி விதி, பெயருக்கேற்ப, மாநிலங்கள் ஏற்றால்தான் செல்லும். தெருவோரம் காரை நிறுத்துபவருக்கோ பிளக்கே கிடையாது.