பாடு
'படு' என்னும் வினையடி முதல் நீண்டு பிறந்த தொழிற்பெயர். உழைப்பு, துன்பம், கிடைப்பது ஆகிய பொருள்களில் வழங்கும். வலையில் அகப்படும் அளவு 'மீன்பாடு'. உழைத்துப் பிழைப்பவரைக் குறிக்கும் 'பாட்டாளி'யும் இதிலிருந்து வந்ததே.

பழவேற்காடு ஏரியோர மீனவ ஊர்களில் இச்சொல் வலை இடுவதற்கான முறையுரிமையைக் குறிக்கும். கோட்டைக்குப்பம் முதலிய பட்டினவர் ஊர்களில், உரிமையுள்ள குடும்பத்தார் எந்த இடத்தில் எவர் எப்போது வலை இடுவதெனச் சீட்டுப் போட்டு முறைவைத்துக்கொள்வர். எழுதப்பட்ட அரசுச் சட்டத்தால் அன்றி, ஊர்க் கட்டுப்பாட்டால் நிலைபெறுவது இது. ஆகவே பாடு இல்லாதவர்க்கு அந்த இடங்களில் வலை இட வழியில்லை. ஆழமற்ற நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் இவ்வுரிமைக்கு வெளியே நிற்பவர்கள்.