ஆதுலசாலையும் குடிக்கூலி வீடும்
(முதியோர் உறைவிட வரலாற்றில் ஓர் ஆய்வு)

1. தோற்றுவாய்

முதுமை எய்தியோர் எங்கே உறைந்தனர், எவர் துணையோடு உறைந்தனர், எவ்வுரிமையோடு உறைந்தனர் என்னும் மூன்று வினாக்களையும் ஒருங்கே வைத்து ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். தம் காலில் நின்று தனித்து வாழ விழையும் முதியோர்க்கு, அழைத்தால் வந்துதவும் துணையும் அமைந்த வாடகைக் குடியிருப்பு என்பது இக்காலத்தில் உலகெங்கும் பேசப்படும் பொருள். அதனை மேலைநாட்டிலிருந்து வந்த புதுமை என்று சிலரும், தமிழ்க் குடிமரபுக்கு மாறானது என்று வேறு சிலரும் கருதுவர். அதன் கூறுகள் இரண்டும் தமிழகத்தில் நெடுங்காலமாகவே தனித்தனியே வழங்கிவந்துள்ளன என்பதும், அவை ஒன்று சேராமையே நம் குறை என்பதும் ஈண்டு நிறுவப்பெறும். ஆய்வுக்குரிய நிலப்பகுதியாகப் பழைய செங்கற்பட்டு மாவட்டமும், அதன்கண் எழுந்த மறைமலை நகரும் கொள்ளப்பெறுகின்றன.

2. முதுமையும் ஊரும்

யாண்டு பல கடந்தும் நரை தோன்றாமைக்குப் பிசிராந்தையார் காட்டும் காரணங்களைப் புறநானூறு பயில்வோர் நன்கறிவர். மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், முறை தவறாது காக்கும் வேந்தன் ஆகியோரைச் சொன்ன புலவர், அவரோடு நில்லாது, தம் ஊரில் வாழும் சான்றோரையும் சேர்த்தே எண்ணுகின்றார். முதுமையைத் தாங்குவது வீடு மட்டுமன்று, ஊரும் அரசுமாம் என்னும் கருத்து இதனாற் பெறப்படும். மகன் வீடு ஒன்றே முதியோர்க்குரிய இடம் எனத் தமிழ் மரபு வரையறுத்தது என்பார் கூற்று, இதனை நோக்கப் பொருந்தாது என்க.

3. சாலை என்னும் அறநிலையம்

இன்று நெடுவழியைக் குறிக்கும் 'சாலை' என்னும் சொல், கல்வெட்டுகளில் அறக்கூடத்தையும் கல்விக் கூடத்தையும் குறித்து நின்றது. மறைமலை நகருக்கு மேற்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனது (ஆட்சி 1063–1070) ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. 'வீரசோழன்' எனப் பெயரிய ஆதுலசாலை ஒன்று பதினைந்து கிடக்கைகளுடன் அங்கே நடைபெற்றமையை அஃது உரைக்கின்றது. மருத்துவர், அறுவை செய்வார், மருந்து கொணர்வார், பணிப்பெண்டிர், நாவிதர் ஆகியோர்க்கு உரிய ஊதியமும், இருப்பில் வைக்கத்தக்க மருந்துகளின் பெயர்களும் அதில் நிரல்படக் கூறப்பெறுகின்றன.

இவ்வாதுலசாலை முதியோர்க்கென அமைந்ததன்று. அங்கிருந்த கல்விக்கூடத்து மாணவர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் உரியது. ஆயினும் நம் ஆய்வுக்கு இன்றியமையாத உண்மை ஒன்று இதனால் விளங்கும். பிறருக்குச் செய்யும் துணையைத் தனி மனிதரின் இரக்கத்திற்கு விட்டுவிடாமல், ஆளும் ஊதியமும் வகுத்து நிலைபெறச் செய்யும் திறன் பதினோராம் நூற்றாண்டிலேயே இம்மண்ணில் இருந்தது என்பதே அது.

இம்மரபின் பிற்காலக் கிளையைச் சென்னையிற் காண்கிறோம். ஐதரலியின் படையெடுப்பை ஒட்டி எழுந்த பஞ்சத்தில், 1782ஆம் ஆண்டு இராயபுரத்துப் பகுதியில் கஞ்சி வார்க்கும் இடமொன்று தோன்றியது. அதுவே 'மணியக்காரர் சத்திரம்'. ஆங்கிலேயர் நாவில் அது 'மானிகர் சௌல்ட்ரி' ஆயிற்று. மக்கள் வழக்கில் 'கஞ்சித்தொட்டி' எனப்பட்டது. அதனை ஒட்டி 1799இல் எழுந்த மருத்துவமனையே பின்னாளில் ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்தது. சத்திரமோ முதியோர் உறையும் அறநிலையமாகத் தொடர்ந்தது.

சாலையிலும் சத்திரத்திலும் உறைபவர் எதுவும் கொடுப்பதில்லை. ஆகவே எதையும் கேட்டுப் பெறும் உரிமையும் அவர்க்கில்லை. உண்ணும் நேரமும் உறங்கும் இடமும் அறத்தை நடத்துவோர் வகுத்தபடியே அமையும். துணை உண்டு, உரிமை இல்லை. இஃது அறநிலையத்தின் இயல்பேயன்றி, அதனை நடத்துவோர் குற்றமன்று.

4. குடிக்கூலி

இனி மற்றொரு மரபை நோக்குவாம். வீட்டு வாடகையைக் குறிக்கத் தமிழில் வழங்கிய சொல் 'குடிக்கூலி'. 'குடி' என்பது வீட்டையும், வீட்டில் வாழும் குடும்பத்தையும், நாட்டின் குடிமக்களையும் ஒருங்கே குறிக்கும். சாலையில் உண்பவன் இரவலன். குடிக்கூலி தருபவன் குடி. இவ்வேறுபாடு சிறியதன்று.

உரிமையாளர் வீட்டின் ஒரு பகுதியிற் கூலி கொடுத்து வாழ்வதை 'ஒட்டுக்குடித்தனம்' என்றனர். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் போன்ற இடங்களில், ஒரே முற்றத்தையும் கிணற்றையும் சூழ வரிசையாக அமைந்த சிறு குடித்தனங்கள் 'ஸ்டோர்' எனப்பட்டன. ஒவ்வொரு குடித்தனத்திற்கும் தனி அடுப்பு, தனிக் கதவு. கிணறும் முற்றமும் பொது. இத்தகைய அமைப்பில் தனித்து வாழும் மூதாட்டி ஒருவர் காலையிற் கதவு திறவாராயின், தண்ணீர் எடுக்க வந்த அண்டைவீட்டார் கதவைத் தட்டுவர். எவரும் திட்டமிடாமலே அங்கே ஒரு காவல் அமைந்தது. முற்றங்கள் அடுக்கு வீடுகளாக மாறியபோது அக்காவலும் உடன் மறைந்தது. இன்றைய வாடகை வீட்டில் உரிமை உண்டு, துணை இல்லை.

5. பிறநாட்டுச் சான்று

இவ்விரண்டையும் இணைத்த பழைய சான்று ஒன்று செருமனியின் ஆக்சுபர்க் நகரில் உள்ளது. வணிகர் யாக்கோபு புக்கர் 1521இல் நிறுவிய 'புக்கரை' என்னும் குடியிருப்பில், வறியவர்க்கு வீடுகள் தனித்தனி வாயிலோடு கட்டப்பெற்றன. ஆண்டு வாடகை ஒரு ரைன் கில்டர். அத்தொகை இன்றும் உயர்த்தப்படாமல், 0.88 யூரோ என்னும் அளவில் வாங்கப்பெறுகின்றது. வருவாய் கருதி வாங்கும் தொகையன்று இது. சிறிதேனும் கொடுப்பவர் இரவலராகார் என்னும் கருத்து இதன்கண் அடங்கியுள்ளது எனலாம்.

இங்கிலாந்தில் 1969ஆம் ஆண்டு வீட்டுவசதி அமைச்சகச் சுற்றறிக்கை முதியோர் வாடகைக் குடியிருப்புக்கு அளவைகளை வகுத்தது. தனித்தனிச் சிறு வீடுகள், உடனுறையும் காப்பாளர், அழைப்புமணி, பொதுக்கூடம் ஆகியன அதன் உறுப்புகள். நுணுகி நோக்கின், நம் முற்றத்து வீட்டின் கூறுகளே அங்கே விதிகளாக மாறியமை புலனாகும். நம்மிடம் இயல்பாக இருந்து மறைந்ததனை அவர்கள் விதியாக்கி நிலைபெறுத்தினர்.

6. சட்டத்தின் நிலை

இந்தியாவில் 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இரு வழிகளை வகுத்தது. ஒன்று, மக்களும் உறவினரும் அளிக்க வேண்டிய பராமரிப்பு. மற்றொன்று, வறிய முதியோர்க்கு மாவட்டந்தோறும் 150 பேர்க்குக் குறையாத இல்லம். 2019இல் ஒன்றிய அரசு வெளியிட்ட ஓய்வுக்கால இல்லங்களுக்கான மாதிரி வழிகாட்டு நெறிகள், பெரும்பாலும் பணம் செலுத்தி வீடு பெறுவோரைக் கருதியே அமைந்தன. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தினிடத்தில், 2017இல் இயற்றப்பெற்ற புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அது வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வேண்டுகின்றது. ஆயின் முதிய குடித்தனக்காரரைத் தனி வகையாகக் கருதவில்லை. மகனைச் சார்ந்தவர், வறியவர், வீடு வாங்க வல்லவர் என்னும் மூவர்க்கும் வழி வகுத்த சட்டங்களில், சிறு வருவாயோடு தனித்து வாழ விழையும் நான்காமவர்க்கு இடமில்லை.

7. மறைமலை நகர்

அந்நான்காமவர் எங்குள்ளார் எனின், திருப்பெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர் என்னும் தொழில் நிலப்பகுதியை நோக்குக. சென்னையின் நெருக்கத்தைக் குறைக்கும் துணைநகராக, 1980ஆம் ஆண்டை ஒட்டி மறைமலை நகர் உருவாயிற்று. 1990களின் பிற்பகுதியில் போர்டு கார்த் தொழிற்சாலை இங்கும், ஹூண்டாய் தொழிற்சாலை இருங்காட்டுக்கோட்டையிலும் எழுந்தன. போர்டு தொழிற்சாலையிற் கார் உற்பத்தி 2022இல் நின்றது. அக்காலத்தில் இளைஞராய் வேலைக்கு வந்தோர் இன்று முதுமையின் வாயிலை அணுகுகின்றனர்.

தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் 2014இல் வகுக்கப்பெற்ற குறைந்த அளவு ஓய்வூதியம் மாதம் 1000 ரூபாய். மாநில அரசின் முதியோர் உதவித்தொகை 2023இல் 1200 ரூபாயாக உயர்ந்தது. இத்தொகையைக் கொண்டு சந்தை வாடகையைக் கொடுத்தல் இயலாது. தமிழக மக்களுள் அறுபது வயது நிரம்பியோர் 2011 கணக்கெடுப்பில் 10.4 விழுக்காட்டினர், 2021ஆம் ஆண்டிற்கு மதிப்பிடப்பெற்ற அளவு 13.6 விழுக்காடு. ஆகவே இது சிலரது துயரன்று. ஒரு தலைமுறையின் வினாவாகும்.

இதே நிலப்பகுதி விடைக்கும் வழி காட்டுகின்றது. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கத்தக்க குடியிருப்பைச் சிப்காட் நிறுவனம் கட்டியுள்ளது. அது 2024 ஆகஸ்டில் திறக்கப்பெற்றது. பணிபுரியும் மகளிர்க்கான 'தோழி' விடுதிகள் கூடுவாஞ்சேரி, தாம்பரம் ஆகிய ஊர்களில் நடைபெறுகின்றன. பொதுத்துறை நிலமளித்துக் கட்டி, காவலும் மேற்பார்வையும் அமைத்துக் குடியமர்த்தும் முறை இங்கே கைவந்துவிட்டது. உழைப்பின் தொடக்கத்தில் நிற்போர்க்குச் செய்தது, உழைத்து முடித்தோர்க்கும் செய்யத்தக்கதே. முதியோர்க்கு வேண்டுவன அகன்ற வாயில், படியில்லா நடை, கைப்பிடிக் கம்பி, இரவில் அழைத்தால் வரும் ஒருவர், வருவாயின் ஒரு பகுதியளவே ஆன வாடகை, வாழ்நாள் முழுதும் பெயர்க்கப்படாத ஒப்பந்தம் ஆகியனவே.

8. முடிபு

துணையைச் சாலை மரபும், உரிமையைக் குடிக்கூலி மரபும் தனித்தனியே வளர்த்துவந்தன. இரண்டும் இணைந்த வீட்டை ஸ்டோர் முற்றம் சிறுகாலம் காட்டி மறைந்தது. அதனை மீண்டும் அமைத்தல் மரபை மீறுவதன்று. மரபின் இரு கிளைகளை ஒன்று சேர்ப்பதாகும். மக்கள் அன்புடையர் ஆயினும், தம் கதவின் திறவுகோலைத் தாமே வைத்திருக்க விழையும் முதியோர் உளர். அவ்விழைவைக் குறையாகக் கருதுதல் முறையன்று.

மறைமலையடிகள் 1911இல் கல்லூரிப் பணியை விடுத்துப் பல்லாவரத்திற் குடியேறி, 1950இல் மறையும்வரை தம் இல்லத்தில் நூல்களோடு வாழ்ந்தார். அவர் பெயர் தாங்கிய நகரில், உழைத்து ஓய்ந்த தொழிலாளி ஒருவர் மாதந்தோறும் குடிக்கூலிச் சீட்டுப் பெற்றுத் தம் வீட்டிலேயே முதுமையைக் கழிக்கும் நிலை வரின், 'குடி' என்னும் சொல் தன் முழுப்பொருளை எய்தியதாகும்.